பட்டர்பிளை பயிற்சிக் கத்தி: குறைந்த செலவில் எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது?

கிருலப்பனையில் ஹைலெவல் வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஓர் ஒழுங்கையில் என் அக்காவின் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. இரண்டு அறை, ஒரு சின்னக் குசினி. மேல்தளத்தில் வீட்டுக்காரர். 2009 இல் வன்னியிலிருந்து முகாமுக்கும், முகாமிலிருந்து வவுனியாவுக்கும், பிறகு பிள்ளையின் படிப்புக்காகக் கொழும்புக்கும் வந்த குடும்பம் அது. சில மாதங்களுக்கு முன் மருமகனின் பெயருக்கு ஒரு பொதி வந்தது. இணையத்தில் அவன் தானே சேர்த்த காசில் வாங்கியது. பிரித்துப் பார்த்த அக்கா கேட்டது ஒரே கேள்விதான்.

“இதென்ன மகன், கத்தியே?”

“கத்தி இல்லையம்மா, ட்ரெய்னர். இது வெட்டாது.”

“வெட்டாது எண்டு உனக்குத் தெரியும். றோட்டில நிக்கிறவனுக்குத் தெரியுமே?”

இருவர் சொன்னதும் சரி. அந்தப் பொருள் வெட்டாது. ஆனால் பத்தடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது அச்சொட்டான கத்தி. பேச்சு முற்றி, “நீயே பார்த்துச் சொல்லு” என்று அக்கா என்னிடம் விட்டுவிட்டார். அதற்காகத் தேடியும் விசாரித்தும், மருமகனோடு இருந்து கழற்றிப் பூட்டியும் அறிந்தவற்றையே இங்கு தருகிறேன். கொழும்பிலும் வடக்கு கிழக்கிலும் இதே கேள்வி இப்போது பல வீடுகளில் எழுகிறது. ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’ விளையாட்டில் 2014 இல் இந்தக் கத்தி அறிமுகமானது. அதிலிருந்தும் யூடியூப், டிக்டொக் காணொளிகளிலிருந்தும் எங்கள் பிள்ளைகள் இதைக் கண்டு ஆசைப்படுகிறார்கள். ஆசையைத் தடுப்பதை விட, சரியான பொருளைத் தெரிவுசெய்யச் சொல்லிக்கொடுப்பது நல்லது.

இது என்ன பொருள்?

வண்ணத்துப்பூச்சியின் இரண்டு சிறகுகள் போல இரண்டு கைபிடிகள். நடுவில் ஓர் அலகு. கைபிடிகள் இரண்டும் அலகின் அடியில் தனித்தனி அச்சாணியில் சுழல்கின்றன. மூடினால் அலகு இரண்டுக்கும் நடுவே மறைந்துவிடும். திறந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே பிடியாகிவிடும். இதில் ஸ்பிரிங் எதுவும் கிடையாது. மணிக்கட்டின் அசைவும் கைபிடியின் பாரமும்தான் திறந்து மூடுகின்றன. அந்த அசைவுகளைத் தாளத்தோடு தொடுத்து விரல்களுக்கிடையே சுழற்றுவதைத்தான் ‘பிளிப்பிங்’ என்கிறார்கள்.

இதன் தாயகமாக அறியப்படுவது பிலிப்பைன்ஸ். அங்கு இதன் பெயர் பலிசொங். பட்டாங்கஸ் மாகாணத்தின் தால் என்ற ஊரில் பலிசொங் என்ற பெயரிலேயே ஒரு கிராமம் இருக்கிறது. பட்டறைகளில் கையால் இந்தக் கத்தி அடிக்கும் தொழிலுக்கு அந்த ஊர் பேர்போனது. எங்கள் ஊரில் கொல்லன் பட்டறையில் பாக்குவெட்டியும் கத்தியும் அடிப்பது போலத்தான் அங்கும் அது அன்றாடக் கருவியாக இருந்தது. 1970களின் இறுதியில் கலிபோர்னியாவில் லெஸ் டி அசிஸ் என்பவர் பலிசொங் என்ற பெயரிலேயே தொடங்கிய நிறுவனம் பின்னாளில் ‘பெஞ்ச்மேட்’ ஆகியது. அதன் சின்னத்தில் இன்றைக்கும் ஒரு வண்ணத்துப்பூச்சி இருக்கிறது.

பயிற்சிக் கத்தி என்பது இதே அமைப்பில், கூரும் முனையும் இல்லாத அலகு போட்டது. அலகின் ஓரம் தடிப்பாக இருக்கும். முனை வட்டமாக இருக்கும். பாரத்தைச் சரிசெய்ய அலகில் துளைகளோ நீள வெட்டுகளோ போட்டிருப்பார்கள். அந்தத் துளைகள் இன்னொரு வேலையும் செய்கின்றன. பார்ப்பவருக்கு ‘இது உண்மைக் கத்தி இல்லை’ என்று சொல்கின்றன. அலகுக்குப் பதிலாகச் சீப்பு வைத்தவையும், போத்தல் திறப்பான் வைத்தவையும் கடைகளில் உண்டு.

எங்களுக்கு ஏன் இது வெறும் விளையாட்டுச் சாமான் இல்லை?

வெளிநாட்டில் எழுதப்படும் வழிகாட்டிகள் விலையையும் பாரத்தையும் மட்டும் பேசும். எங்களுக்கு அதற்கு முன்னால் பேச இன்னொன்று இருக்கிறது.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கிருலப்பனையிலும் யுத்தகாலத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சுற்றிவளைப்பு என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. நள்ளிரவில் கதவு தட்டப்படும். அலுமாரி கிளறப்படும். பொலிஸ் பதிவுத் துண்டு கேட்கப்படும். 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழர்கள் அதிகாலையில் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஆனால் அந்த விடியற்காலை பலரின் மனதிலிருந்து போகவில்லை. வீட்டில் இருந்த ஒரு வயர் துண்டும் ஒரு பற்றரியும் கூட அன்று கேள்விக்குரிய பொருளாகியது.

யுத்தம் முடிந்த பிறகும் நிலைமை முழுதாக மாறவில்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு முழுவதும் தேடுதல்கள் நடந்தன. மே மாதத் தொடக்கத்தில், வீட்டிலுள்ள வாள்களையும் பெரிய கத்திகளையும் பொலிஸ் நிலையங்களில் ஒப்படைக்குமாறு பொதுமக்களிடம் கேட்கப்பட்டது. அன்றாடத் தேவைக்கான கத்திகளுக்கு விலக்களிக்கப்பட்டது. எது அன்றாடக் கத்தி, எது இல்லை என்பதை வாசலில் நிற்பவர் தீர்மானிப்பார் என்ற பயம் பல வீடுகளில் இருந்தது. யாழ்ப்பாணத்திலோ வாள்வெட்டுக் குழுக்களைத் தேடும் நடவடிக்கைகளில் கைத்தொலைபேசிப் படங்களும் பார்க்கப்படுகின்றன. 1979 இல் தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதன் நிழலில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, சின்னப் பொருளிலிருந்து பெரிய பிரச்சினை வரும் என்பது அனுபவம்.

இலங்கையில் பொது இடத்தில் கத்தி கொண்டுதிரிவதைக் கட்டுப்படுத்தப் பிரித்தானியர் காலத்திலேயே கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. கூரில்லாத பயிற்சிக் கத்தி எதையும் வெட்டாது என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் அந்த வாதம் பொலிஸ் நிலையத்தில், உங்கள் பிள்ளை வாங்கில் இருக்கும்போது, பெரும்பாலும் உங்களுக்கு ஓடாத மொழியில் நடக்கும். அந்த நிலைக்கே போகாமல் இருப்பதுதான் கெட்டித்தனம்.

இதை மனதில் வைத்துப் பார்த்தால், ‘மலிவு’ என்பதன் கணக்கு மாறுகிறது. உண்மைக் கத்தி போலத் தோன்றும் மூவாயிரம் ரூபாப் பொருளை விட, ஒருவரும் கத்தியென்று தவறாக நினைக்காத ஐயாயிரம் ரூபாப் பொருள் எங்களுக்கு மலிவு.

விலை: மூன்று படிகள்

2022 மார்ச்சுக்கு முன் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவாக இருந்தது. பின்பு அது 300ஐயும் தாண்டிப் போய், அந்த மட்டத்தைச் சுற்றியே நிற்கிறது. இந்தச் சாமான்கள் அனைத்தும் வெளியிலிருந்து வருபவை. எனவே கீழே ஒரு டொலருக்கு 300 ரூபா என்று கணக்கிட்டிருக்கிறேன். தபால் செலவும் சுங்க வரியும் தனி.

முதற்படி, 5 முதல் 15 டொலர் வரை. அதாவது 1,500 முதல் 4,500 ரூபா வரை. பெயரில்லாத சீனத் தயாரிப்புகள் இவை. இணையக் கடைகளில் அதிகம் காணப்படுபவையும் இவைதான். பெரும்பாலும் துத்தநாகக் கலப்புலோக வார்ப்பு அல்லது மெல்லிய உருக்குத் தகடு. பழக ஆரம்பிக்க இது போதும் என்று பலர் சொல்வார்கள். சிலவேளை நல்லது கிடைக்கும், பலவேளை கிடைக்காது. வார்ப்புலோகம் தரையில் விழும்போது வளைவதில்லை, முறிகிறது. அதுவும் அச்சாணி போகும் துளைக்குப் பக்கத்தில் முறியும்.

இரண்டாம் படி, 25 முதல் 50 டொலர் வரை. 7,500 முதல் 15,000 ரூபா வரை. பிளிப்பிங்குக்கென்றே வடிவமைக்கப்பட்ட பிளாஸ்டிக் பயிற்சிக் கத்திகள் இந்த இடத்தில் வருகின்றன. அமெரிக்காவின் ஸ்குவிட் இண்டஸ்ட்ரீஸ் தயாரிக்கும் ‘ஸ்குவிடி’, நபாலிஸ் தயாரிக்கும் ‘வல்ப்’ ஆகிய இரண்டும் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களிடையே பெயர்பெற்றவை. பாரம் குறைவு, சத்தம் குறைவு, பல நிறங்களில் வருகின்றன. இவற்றின் பெயரில் போலிகளும் வருகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாம் படி, 150 டொலருக்கு மேல். அலுமினியக் கட்டியையும் டைட்டேனியத்தையும் இயந்திரத்தில் கடைந்து செய்தவை. 200, 300 டொலர் என்று போகும். 60,000 ரூபா கொடுத்து இதை வாங்கும் நிலையில் எங்கள் வீடுகள் இல்லை. பழகுபவருக்கு அது தேவையும் இல்லை.

இன்னொரு வழியும் உண்டு. காசு செலவழிக்கு முன் ஐஸ்கிரீம் குச்சிகளையும் இரண்டு சின்ன ஆணிகளையும் வைத்து ஒன்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். அது சரியாகச் சுழலாது. ஆனால் பிள்ளையின் ஆசை மூன்று நாளில் ஆறிவிடுகிறதா, நிற்கிறதா என்பதைக் காட்டிவிடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

நிறமும் வடிவமும் முதலில். கறுப்பும் வெள்ளியும் வேண்டாம். செம்மஞ்சள், பச்சை, நீலம் போன்ற பளிச்சென்ற நிறம் நல்லது. அலகில் பெரிய துளைகள் இருக்க வேண்டும். முனை விரல்நுனி போல வட்டமாக இருக்க வேண்டும். உண்மை அலகின் படத்தை அச்சடித்தவை, இரத்தக்கறை போல நிறம் பூசியவை, விளையாட்டுகளில் வரும் ஆயுதம் போலச் செய்தவை ஆகியவற்றைத் தவிர்க்கவும். ‘பின்னர் உண்மை அலகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று விற்கப்படுவதைத் தொடவே வேண்டாம். ஒன்றைச் சொல்ல வேண்டும்: மூடியிருக்கும்போது சீப்பும் பயிற்சிக் கத்தியும் உண்மைக் கத்தியும் ஒரே மாதிரித்தான் தெரியும். அதனால்தான் கைபிடியின் நிறம் அலகின் வடிவத்தை விட முக்கியமாகிறது.

அடுத்தது பாரமும் நீளமும். வழக்கமான அளவு, திறந்த நிலையில் 25 சென்றிமீற்றரைச் சுற்றி. உலோகத்தாலானவை 100 முதல் 150 கிராம் வரை இருக்கும். பிளாஸ்டிக் ஆனவை 100 கிராமுக்குக் குறைவு. பாரம் கூடினால் கைபிடி தானே சுழன்று வரும், ஆனால் விரல் மொழியில் பட்டால் நோகும். மிகவும் இலேசானதில் கைபிடி எங்கே இருக்கிறது என்பது கைக்குத் தெரியாது. பழகத் தொடங்குபவருக்கு இரண்டுக்கும் நடுவில் உள்ளது பொருந்தும். பாரம் அலகுப் பக்கம் கூடாமல் கைபிடிப் பக்கம் சற்றுக் கூடி இருப்பது நல்லது. விற்பவர் கிராம் கணக்கைக் குறிப்பிடவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது அச்சாணி. மலிவானவற்றில் அலகுக்கும் கைபிடிக்கும் இடையே மெல்லிய வொஷர் மட்டும் இருக்கும். திருகாணியை இறுக்கினால் சுழலாது, தளர்த்தினால் ஆடும். நடுநிலையைக் கண்டுபிடிப்பதே பெரும் வேலை. நல்லவற்றில் புஷிங் என்ற சிறிய குழல் உள்ளே இருக்கும். திருகாணி அந்தக் குழலின் மேல் இறுகும், அலகு அதைச் சுற்றிச் சுதந்திரமாகச் சுழலும். சிலவற்றில் பெயரிங் இருக்கும். மணல், தூசி புகுந்தால் அதைத் துப்புரவாக்குவது சிரமம். முதற் கத்திக்கு நல்ல வொஷர் போதும், புஷிங் கிடைத்தால் நன்று.

நான்காவது கைபிடியின் கட்டமைப்பு. ஒரே துண்டில் நடுவே பள்ளம் வெட்டியது ஒரு வகை. இரண்டு தகடுகளைத் திருகாணிகளால் சேர்த்தது இன்னொரு வகை. முதல் வகையில் கழன்று விழ எதுவும் இல்லை. இரண்டாவது வகையில் திருகாணிகள் ஒவ்வொன்றும் ஒரு நாள் விழக்கூடும். குறைந்த விலையில் முதல் வகை பாதுகாப்பானது.

ஐந்தாவது கொளுக்கி. கைபிடி நுனியில் இரண்டையும் சேர்த்துப் பூட்டும் சிறு கொளுக்கி சிலவற்றில் இருக்கும். சுழற்றும்போது அது தடுக்கும், கிலுகிலுக்கும். கொளுக்கி இல்லாதது, அல்லது கழற்றக்கூடியது நல்லது.

பொதி கைக்கு வந்ததும்

மருமகனுக்கு வந்த முதலாவது, படத்தில் கண்டதை விடக் கூராக இருந்தது. இரண்டாவது கிழமையில் ஒரு திருகாணி கழன்று கட்டிலுக்கடியில் போய்விட்டது. விற்றவர் பதில் சொல்லவில்லை. அதன் பிறகுதான் நாங்கள் இந்தச் சோதனைகளைச் செய்யப் பழகினோம்.

பத்திரிகைத் தாள் ஒன்றை எடுத்து ஓரத்தில் அலகை வைத்து இழுத்துப் பாருங்கள். தாள் கிழியாமல் வெட்டுப்பட்டால் அது பயிற்சிக் கத்தி இல்லை. திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு ஒரு பருத்தித் துணியால் கைபிடிகளின் ஓரம் முழுவதையும் தடவுங்கள். துணி நூல் மாட்டும் இடம் விரலையும் கிழிக்கும். மெல்லிய அரத்தாளால் அதைத் தேய்த்துவிடலாம்.

ஒரு கைபிடியை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதைத் தொங்கவிட்டு ஆட்டுங்கள். ஊஞ்சல் போலச் சில தடவை போய்வந்து நிற்க வேண்டும். உடனே நின்றால் இறுக்கம். அடுத்து, திறந்த நிலையில் அலகைப் பிடித்துக் கைபிடிகளைப் பக்கவாட்டில் அசையுங்கள். சற்று ஆட்டம் இருப்பது வழமை. கைபிடிகள் ஒன்றோடொன்று இலேசாக முட்டும் அளவுக்கு ஆடினால் தளர்வு. எல்லாத் திருகாணிகளையும் ஒரு முறை கழற்றிப் பாருங்கள். நட்சத்திரத் தலை கொண்ட சிறிய திருகாணிகள்தான் பெரும்பாலும் இருக்கும். கைத்தொலைபேசி திருத்துபவர்களின் சாவித் தொகுப்பில் அந்த அளவுகள் கிடைக்கும். புறக்கோட்டையில் அப்படியொரு தொகுப்பை வாங்கி வைத்தால் வீட்டில் வேறு வேலைகளுக்கும் உதவும்.

உலோகக் கத்தியின் திருகாணி கழலாமல் இருக்க நீல நிறத் திரவப் பூட்டுப் பசை, லொக்டைட் போன்றது, ஒரு துளி போதும். சிவப்பு நிறம் வேண்டாம், பிறகு கழற்ற முடியாது. அது கிடைக்காவிட்டால் நகப்பூச்சு ஒரு துளி அதே வேலையை ஓரளவு செய்யும். பிளாஸ்டிக்கில் இந்தப் பசையைப் பூசக் கூடாது. சில பிளாஸ்டிக் வகைகள் அதனால் வெடிக்கும். அச்சாணிக்குத் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி, மாதமொரு முறை போதும். தேங்காயெண்ணெய் ஒட்டும், தூசியைப் பிடிக்கும், பாவிக்க வேண்டாம்.

வீட்டுக்குள் பழகும் முறை

கைபிடிகள் இரண்டும் ஒன்றல்ல. உண்மைக் கத்தியாக இருந்தால் அலகின் கூர் எந்தக் கைபிடிக்குள் மூடுமோ, அது ஆபத்தான கைபிடி. அதைப் பிடித்துச் சுழற்றினால் கூர் விரலில் விழும். பயிற்சிக் கத்தியில் வெட்டாது என்றாலும், மற்றதையே பிடிக்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே உண்டாக்குவது முறை. ஆபத்தான கைபிடியில் ஒரு துண்டு நிறநாடா ஒட்டிவிட்டால் குழப்பம் இல்லை.

முதற் கிழமை முழுவதும் மணிக்கட்டால் திறப்பதும் மூடுவதும் மட்டும். மெதுவாக, எண்ணி எண்ணி. அடுத்தது பெருவிரலுக்கு மேலால் கைபிடியை உருட்டி எடுப்பது. அது இரண்டு கைக்கும் பழகிய பிறகே மேலே எறிந்து பிடிக்கும் வித்தைகள். ஒரு நாளில் கால் மணித்தியாலம் இரண்டு தடவை போதும். விரல் மொழி வீங்கினால் இரண்டு நாள் விட வேண்டும்.

விழாமல் பழக முடியாது. அனெக்ஸ் வீட்டு ரைல்ஸ் தரையில் உலோகம் விழுந்தால் கத்தியும் கெடும், தரையும் கெடும், மேல்வீட்டுக்காரரின் பொறுமையும் கெடும். மெத்தைக்கு மேலே நின்று, அல்லது பாயில் ஒரு பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டுப் பழகுவது நல்லது. செருப்பில்லாத காலோடு உலோகக் கத்தியைச் சுழற்ற வேண்டாம். ஒரு பாகம் தூரத்துக்குள் வேறொருவரும் இருக்கக் கூடாது, முக்கியமாகச் சின்னப் பிள்ளைகள். எறிந்து பிடிக்கும்போது முகத்துக்கு நேரே அல்லாமல் நெஞ்சுக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும். கூர் இல்லாத பொருளும் கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

இதைவிட முக்கியமானது சத்தம். இரண்டு உலோகக் கைபிடிகள் மோதும்போது எழும் ‘கிளிக், கிளக்’ சத்தம் பழகுபவருக்கு இன்பம். பக்கத்து அறையில் இருப்பவருக்கு அது வேறெதையோ நினைவூட்டலாம். என் அக்கா ஒரு நாள் இரவு அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழுந்து விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றார். என்ன நினைத்தீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஷெல்லடிக்குள்ளும் சோதனைச் சாவடிகளுக்குள்ளும் வாழ்ந்தவர்கள் இருக்கும் வீட்டில், பிளாஸ்டிக் கத்தியைத் தெரிவுசெய்ய அந்த ஒரு காரணமே போதும். வாங்குவதற்கு முன் வீட்டில் உள்ள பெரியவர்களிடம் பொருளின் படத்தைக் காட்டி, சத்தத்தையும் கேட்க வைத்துவிடுங்கள். இரவு எட்டு மணிக்குப் பின் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், அது நியாயமான கட்டுப்பாடுதான்.

வாசலைத் தாண்டக் கூடாது

பயிற்சிக் கத்தி வீட்டுக்குள் இருக்க வேண்டிய பொருள். பாடசாலைப் பையில் வேண்டாம். வெள்ளவத்தை ரியூசனுக்குப் போகும்போது வேண்டாம். 138 ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு சுழற்றிக் காட்ட வேண்டாம். மொட்டைமாடியிலும் ஜன்னலோரத்திலும் கூட வேண்டாம். அயலவர் பார்த்துப் பயப்படுவதும், பயந்து தொலைபேசி எடுப்பதும் அவர்கள் தவறில்லை. நண்பன் வீட்டுக்குக் கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால் கழற்றி, வந்த பெட்டியிலேயே வைத்து, பெரியவர் ஒருவரோடு போகட்டும்.

காணொளி போடும் ஆசையும் வரும். கையும் கத்தியும் மட்டும் தெரியட்டும். பின்னணியில் மெத்தை இருக்கட்டும். ரவுடிப் படத்து வசனமும், முகத்தை மறைத்த துணியும், கூட்டமாக நின்று காட்டும் சண்டித்தனமும் வேண்டாம். ஆயுதம் காட்டிக் காணொளி போட்டதற்காக இளைஞர்கள் கைதாகும் செய்திகளை நாங்கள் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம். பயிற்சிக் கத்தி என்ற வார்த்தை காணொளியில் எழுத்தில் தெரிவது நல்லது.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவோருக்கு

‘லண்டனிலிருந்து சித்தப்பா கொண்டுவருவார்’ என்று பிள்ளைகள் சொல்வார்கள். சித்தப்பாவுக்கும் சில விடயங்கள் தெரிய வேண்டும். பிரித்தானியாவில் 1988 ஆம் ஆண்டு ஆணையின்படி பட்டர்பிளை கத்தியை விற்பதும் இறக்குமதி செய்வதும் குற்றம். 2021 ஜூலை 14 முதல் வீட்டுக்குள் வைத்திருப்பதும் குற்றம். ஜேர்மனியில் 2003 முதல் தடை. கனடாவில் மையவிலக்கு விசையால் திறக்கும் கத்திகள் தடைசெய்யப்பட்ட ஆயுதங்களாகவே கருதப்படுகின்றன. இவையெல்லாம் கூருள்ள கத்திக்கானவை. ஆனால் கூரில்லாததைக் கூடச் சுங்க அதிகாரி சந்தேகத்தில் பறித்துவைக்கலாம். எனவே உலோகத்தால் ஆனதைக் கேட்க வேண்டாம். நிறமுள்ள பிளாஸ்டிக், திறக்காத பெட்டி, பற்றுச்சீட்டு, இவை மூன்றும் சேர்ந்து பெரிய பயணப்பெட்டிக்குள் வரட்டும். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்திலேயே நிற்க வேண்டி வரும்.

சுருக்கமாக

ஐயாயிரம் ரூபாவுக்குள் என்றால், பெயரில்லாத தயாரிப்பாக இருந்தாலும் பளிச்சென்ற நிறத்தில், பெரிய துளைகளோடு, கொளுக்கி இல்லாத பிளாஸ்டிக் ஒன்றைத் தேடுங்கள். பத்தாயிரத்தைச் சுற்றிச் செலவழிக்க முடியுமென்றால் பெயர்பெற்ற பிளாஸ்டிக் பயிற்சிக் கத்தி ஒன்று இரண்டு மூன்று மலிவுக் கத்திகளை விட நீண்டகாலம் உழைக்கும். கறுப்பு உலோகக் கத்தி எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள்.

மருமகனிடம் இப்போது இருப்பது செம்மஞ்சள் நிறத்தில் ஒன்று. சீட்டுக் காசு வந்த மாதம் பாதி அவனும் பாதி நானும் போட்டு வாங்கினோம். பின்னேரத்தில் மெத்தையில் நின்று பழகுகிறான். விழுந்தால் ‘தொப்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். போன கிழமை அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார். “சீப்பெண்டாலும் வைச்சிருக்கலாம், தலையாவது இழுக்கலாம்” என்று சொல்லிவிட்டு மகனிடமே திருப்பிக் கொடுத்தார்.